50 மி.கி. ஜிங்க் சரி, யாருக்கு, எத்தனை நாளைக்கு?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்க ஞாயிறு இணைப்புல அரிசியை விட்டுட்டு பேலியோ, கீட்டோன்னு லோ கார்ப், அதாவது மாவுச்சத்தைக் குறைக்கற டயட்டுக்குப் போறவங்களுக்காக ஒரு முழுப் பக்கம் போட்டிருந்தீங்க, படிச்சேன். தண்ணியும் உப்பும் குறையாம பாத்துக்கணும்னு எழுதினது நல்ல விஷயம், சர்க்கரையை மட்டும் விட்டா பத்தாது மைதாவையும் விடணும்னு எழுதினதும் சரிதான். ஆனா கடைசியில போற போக்குல ஒரு வரி, இந்த டயட்ல இருக்கறவங்க தினமும் 50 மி.கி. ஜிங்க், அதாவது துத்தநாக மாத்திரை போட்டுக்கிட்டா முடி கொட்டாது, எதிர்ப்பு சக்தி ஏறும்னு போட்டுட்டீங்க. யாருக்கு, எந்த மாத்திரை, எத்தனை நாளைக்கு, ஒண்ணுமே இல்ல. அந்த ஒரு வரிக்காகத்தான் இவ்ளோ பெரிய லெட்டர். இடம் இல்லன்னா வெட்டிக்குங்க, அளவு பத்தி எழுதினதை மட்டும் வெட்டிடாதீங்க.

நான் கடலூர் மஞ்சக்குப்பத்துல மெடிக்கல் ஷாப் வெச்சிருக்கேன், பி.பார்ம் படிச்சவன், டாக்டர் இல்ல. உங்க பேப்பர் வந்த அடுத்த நாளே அந்தப் பக்கத்தை மடிச்சு சட்டைப் பாக்கெட்ல வெச்சுக்கிட்டு ஆளுங்க வர ஆரம்பிச்சுட்டாங்க. எனக்கு இது வியாபாரம்தான், வாயை மூடிக்கிட்டு வித்துட்டுப் போயிட்டே இருக்கலாம், ஜிங்குக்கு டாக்டர் சீட்டு கொண்டான்னு யாரும் கேக்கறதும் இல்ல. ஆனா வாங்க வந்தவங்கள்ல நிறைய பேருக்கு அது தேவையே இல்லங்கறது தெரிஞ்சும் எடுத்துக் குடுக்க மனசு வரல.

முதல்ல இந்த 50ங்கற நம்பரையே எடுத்துக்குவோம். ரிட்டையர் ஆன வாத்தியார் ஒருத்தர் வந்தாரு, சுகருக்காக சோறை விட்டவரு, நல்லா இளைச்சும் இருக்காரு. "தம்பி, ஜிங்க் 50 குடுப்பா"ன்னாரு. "எந்த 50 சார்?"னு கேட்டேன். "இன்னாப்பா இது, ஜிங்க்னா ஜிங்க்தானே"ன்னாரு. ரெண்டு ஸ்ட்ரிப்பை எடுத்து கவுண்டர்ல வெச்சேன். ஒண்ணுல ஜிங்க் சல்பேட் மோனோஹைட்ரேட் 55 மி.கி. கிட்ட போட்டிருக்கும், அதுக்குக் கீழ பொடி எழுத்துல எலிமெண்டல் ஜிங்க் 20 மி.கி.க்கு சமம்னு இருக்கும், எலிமெண்டல்னா அந்த உப்புக்குள்ள இருக்கற நிஜமான ஜிங்க் மட்டும். இன்னொண்ணு ஜிங்க் அசிடேட், எலிமெண்டல் ஜிங்கே 50 மி.கி. உங்க வரியைப் படிச்சுட்டு வர்றவரு முதல் ஸ்ட்ரிப்ல 55ஐப் பாத்து இதுதான்னு எடுப்பாரு, இல்லன்னா ரெண்டாவதை எடுப்பாரு, ரெண்டுக்கும் நடுவுல ரெண்டரை மடங்கு வித்தியாசம். ஜிங்க் குளுக்கோனேட்டா இருந்தா இன்னும் மோசம், 50 மி.கி. குளுக்கோனேட் உப்புல நிஜமான ஜிங்க் 7 மி.கி.தான் தேறும். வாத்தியார் கண்ணாடியைத் துடைச்சு துடைச்சுப் பாத்தும் அந்தப் பொடி எழுத்து அவருக்குப் படிக்க வரல, நான்தான் படிச்சுக் காட்டினேன். அதுக்கு மேல அவரு ஏற்கனவே தினம் ஒரு பி காம்ப்ளெக்ஸ் வித் ஜிங்க் போட்டுக்கிட்டு இருந்தாரு, அந்த மாதிரி காப்ஸ்யூல் சிலதுலயே 20 மி.கி.க்கு மேல எலிமெண்டல் ஜிங்க் இருக்கு. ரெண்டையும் சேத்துக்கிட்டா நாளைக்கு 70ஐத் தாண்டிடும். நம்ம மத்திய அரசோட ஊட்டச்சத்து ஆராய்ச்சி நிறுவனமான ஐ.சி.எம்.ஆர்.-என்.ஐ.என். 2020ல வெளியிட்ட கணக்குப்படி பெரியவங்களுக்கு சாப்பாடு, மாத்திரை எல்லாம் சேத்து ஒரு நாளைக்கு உச்ச வரம்பே 40 மி.கி.தான். அப்ப உங்க பேப்பர்ல போட்டது வரம்புக்கு மேல, அதுவும் சாப்பாட்டுல வர்றதைக் கணக்குல சேக்காமலே.

சரி, தேவை எவ்ளோன்னு பாத்தா அதே கணக்குல ஆம்பளைங்களுக்கு 17 மி.கி., பொம்பளைங்களுக்கு சுமார் 13 மி.கி. அமெரிக்காவுல இதே 11ம் 8ம்தான். நமக்கு ஏன் கூடன்னா நம்ம உடம்பு வேற மாதிரின்னு இல்ல, நம்ம தட்டு வேற. தானியம், பருப்பு, கொட்டை இதுல எல்லாம் பைட்டேட்னு ஒண்ணு இருக்கு, அது ஜிங்கைப் புடிச்சு வெச்சுக்கும், குடல் உறிஞ்ச விடாது. அதனால தானியத்தையே நம்பி சாப்பிடறவங்களுக்கு சேத்து வாங்கினாத்தான் உள்ள போய்ச் சேரும். இட்லி மாவு புளிக்கறப்ப இந்தப் பைட்டேட் கொஞ்சம் உடையும், பயறு முளை கட்டினாலும் உடையும், நம்ம பாட்டிங்க சயின்ஸ் பாத்து செய்யல, இருந்தாலும் வேலை நடந்துடுச்சு.

மனுஷனுக்கு ஜிங்க் குறைபாடு வரும்னு உலகத்துக்குத் தெரிஞ்ச கதையே இதுலதான் இருக்கு. பீகார்ல பொறந்த ஆனந்த பிரசாத்ங்கற டாக்டர் 1958ல ஈரான்ல ஷிராஸ் ஊர்ல வேலை பாத்தப்ப 21 வயசு ஆளு ஒருத்தன் 10 வயசுப் பையன் மாதிரி வளராம இருக்கறதைப் பாத்தாரு. அவன் சாப்பாடு பெரும்பாலும் ரொட்டி, கூடவே களிமண் தின்ற பழக்கம். அந்த ஊர்லயே அந்த மாதிரி இன்னும் பலர். அதுக்கப்புறம் எகிப்துலயும் ஆராய்ச்சி பண்ணித்தான் ஜிங்க் இல்லாததுதான் காரணம்னு நிரூபிச்சாங்க. பாருங்க, ரொட்டியை மட்டுமே நம்பினவங்க கிட்ட கண்டுபிடிச்ச குறைபாடு இது. ரொட்டியையும் சோறையும் விட்டுட்டு கறியும் முட்டையும் சாப்பிடறவங்களுக்கு அதே குறைபாடு வந்துடும்னு பயமுறுத்தி மாத்திரை விக்கறது தலைகீழா இல்ல இருக்கு?

கணக்கு போட்டுப் பாக்கலாம் வாங்க. லோ கார்ப்ல இருக்கற நம்ம கடலூர்க்காரர் ஒருத்தர் ஒரு நாள்ல நாலு முட்டை சாப்பிட்டா 2, 2½ மி.கி. ஜிங்க் வந்துடும், ஆனா மஞ்சக்கருவோட சாப்பிடணும், ஜிங்க் இருக்கறதே அதுலதான், கொலஸ்ட்ரால்னு பயந்து அதைத் தூக்கிப் போட்டுட்டு என் கிட்ட வந்து ஜிங்க் மாத்திரை கேக்கறவங்களும் இருக்காங்க. மட்டன் கால் கிலோ சாப்பிட்டா 8, 9 மி.கி. போல கிடைக்கும். பரங்கிப்பேட்டை பக்கம் நண்டு வாங்கினா 100 கிராம் சதைக்கு 3, 4 மி.கி. தேறும். சிப்பி எல்லாத்தையும் விட மேல, உலகத்துலயே ஜிங்க் அதிகம் இருக்கற சாப்பாடு அதுதான், ஆனா நம்மாளுங்க அதை அவ்வளவா தொடறதில்ல. பைட்டேட் தொல்லை இல்லாததால கறியில இருக்கற ஜிங்க் நல்லாவே உடம்புல ஒட்டும். அப்ப இந்த ஆளுக்கு எதுக்கு மாத்திரை?

இதுல ஒரு சிக்கல் இருக்கு, அதையும் சொல்லிடறேன். முதுநகர் துறைமுகம் பக்கத்துல இருக்கோம், மீனு நிறைய சாப்பிடறோம், அதனால ஜிங்க் நிறைய வருதுன்னு நினைச்சுடாதீங்க. சங்கரா, வஞ்சிரம், கவளை எதுவா இருந்தாலும் சாதாரண மீன் சதையில 100 கிராமுக்கு 1 மி.கி. கூட தேறாது, எறால்ல கொஞ்சம் பரவால்ல. கோழி நெஞ்சுக் கறியிலயும் கம்மிதான், கால் பகுதியில கூட இருக்கும். ஜிம்முக்குப் போற பசங்க தோல் எடுத்த நெஞ்சுக் கறியும் முட்டை வெள்ளையும் மட்டும் சாப்பிட்டுட்டு அதுக்கு பேர் லோ கார்ப்னு சொல்றாங்க, அவங்களுக்கு ஜிங்க் குறையலாம். ஆனா அதுக்கு மருந்து வாரத்துல ரெண்டு மூணு நாள் மட்டனோ நண்டோதான், மாத்திரை இல்ல.

சைவத்துல லோ கார்ப் இருக்கறவங்க கதை வேற. பனீர், சீஸ், தேங்காய், காலையில 100 பாதாம். பாதாம் 100 எடுத்தா 120 கிராம் வரும், அதுல ஜிங்க் 3, 4 மி.கி. இருக்கு, இல்லன்னு சொல்லல, ஆனா பைட்டேட்டும் கூடவே நிறைய இருக்கு, ராத்திரி ஊற வெச்சாலும் அது முழுசா போயிடாது. எள்ளும் அப்படித்தான். நம்ம பண்ருட்டி முந்திரியில 100 கிராமுக்கு 5, 6 மி.கி. ஜிங்க் இருக்கு, ஆனா கார்ப் 30 கிராம் இருக்கறதால டயட்காரங்க அதைக் கண்ணாலயே பாக்க மாட்டாங்க. விருத்தாசலம் பக்கம் விளையற வேர்க்கடலையை பயறு வகைன்னு சொல்லி பேலியோக்காரங்க தள்ளி வெச்சுட்டாங்க. அப்ப இவங்களுக்குத்தான் நிஜமா கொஞ்சம் தட்டுப்பாடு வரலாம். பூசணி விதை ஒரு கைப்பிடி, தயிர், பனீர் இதையெல்லாம் பாத்து சாப்பிட்டும் பத்தலன்னா டாக்டரைக் கேட்டுட்டு எலிமெண்டல் ஜிங்க் 10, 15 மி.கி. அளவுல கொஞ்ச நாள் எடுத்துக்கலாம், அதுல எனக்கு ஆட்சேபம் இல்ல. 50 எங்க, 10 எங்க!

முடி கொட்டுதுன்னுதான் பாதிப் பேர் வர்றாங்க, அதனால இதைக் கொஞ்சம் நீட்டியே சொல்லணும். வேகமா எடை குறைஞ்சா, அது எந்த டயட்டா இருந்தாலும் சரி, ரெண்டு மூணு மாசம் கழிச்சு முடி கொத்துக் கொத்தா வரும். டைஃபாய்டு, டெங்கு வந்து எழுந்தவங்களுக்கும், பிரசவம் ஆனவங்களுக்கும் கொட்டுமே, அதே விஷயம்தான். உடம்பு ஒரு பெரிய மாற்றத்தைப் பாத்து முடியை எல்லாம் ஒரே நேரத்துல ஓய்வுக்கு அனுப்பிடுது. சாப்பாட்டுல புரதமும் மொத்த கலோரியும் பத்தலன்னா இன்னும் கூடும். அப்புறம் சில மாசத்துல தானாவே நின்னு திரும்ப முளைக்கும். நம்மாளு இன்னா பண்றாருன்னா கொட்ட ஆரம்பிச்ச உடனே ஜிங்க் வாங்கறாரு, அது தானா நிக்கற நேரம் வர்றப்ப பேரு ஜிங்குக்குப் போயிடுது, அப்புறம் சொந்தக்காரங்க அத்தனை பேருக்கும் அதையே சிபாரிசு பண்றாரு. நிஜமாவே பாக்க வேண்டியது ஹீமோகுளோபின், உடம்புல இரும்பு இருப்பைக் காட்டற ஃபெரிட்டின், தைராய்டு. கெண்டைக்கால் பிடிச்சு இழுக்குது, தலை கிறுகிறுங்குது, இதுக்கும் ஜிங்க் கேக்கறாங்க, அதெல்லாம் ஆரம்ப வாரங்கள்ல கார்ப் குறைஞ்சு சிறுநீர்ல தண்ணியும் சோடியமும் வெளிய போறதால வர்றது, அதை நீங்களே அதே பக்கத்துல மேல எழுதியும் இருந்தீங்க.

இப்ப காப்பருக்கு, அதாவது தாமிரச் சத்துக்கு வரேன், இதுதான் முக்கியம். ஜிங்க் அதிகமா உள்ள போனா குடல் செல்லு ஒரு புரதத்தை நிறைய உண்டாக்கும், அந்தப் புரதத்துக்கு ஜிங்கை விட காப்பர் மேலதான் பிடிப்பு ஜாஸ்தி. வலை விரிச்சது ஜிங்குக்கு, மாட்டறது காப்பர். அந்த செல்லு சில நாள்ல உதிர்ந்து மலத்தோட போறப்ப காப்பரும் கூடவே போயிடும். வில்சன் நோய்னு ஒண்ணு இருக்கு, பரம்பரையா வர்றது, உடம்புல காப்பர் சேந்து ஈரலையும் மூளையையும் கெடுக்கும். அந்த நோயாளிங்களுக்கு காப்பர் சேராம தடுக்க மருந்தாவே ஜிங்க் அசிடேட் குடுக்கறாங்க, பெரியவங்களுக்கு 50 மி.கி. மூணு வேளை. அதாவது காப்பரைத் தடுக்கறதுக்குன்னே குடுக்கற மாத்திரையில ஒரு வேளை அளவை நீங்க ஊர்ல எல்லாரும் தினம் போடுங்கன்னு எழுதிட்டீங்க. வயசானவங்க விழித்திரைத் தேய்மானத்துக்கு அமெரிக்காவுல நடந்த பெரிய கண் ஆராய்ச்சியில 80 மி.கி. ஜிங்க் குடுத்தாங்க, ஆனா கூடவே 2 மி.கி. காப்பரும் சேத்துக் குடுத்தாங்க, காரணம் இதேதான்.

காப்பர் குறைஞ்சா இன்னா ஆகும்? ரத்தசோகை வரும், இரும்பு மாத்திரை எவ்ளோ போட்டாலும் ஏறாது. வெள்ளணு குறையும். பாதம் மரத்துப் போகும், நடை தள்ளாடும், நரம்பு பாதிப்பு முத்திட்டா முழுசா சரியாகாமலும் போகலாம். இங்கதான் எனக்கு பயமே. லோ கார்ப் இருக்கறவங்கள்ல நிறைய பேர் சுகர்க்காரங்க. கால் மரத்தா இது சுகர்னாலன்னு விட்டுடுவாங்க, கொஞ்சம் விவரம் தெரிஞ்சவங்க மெட்ஃபார்மின்ங்கற சுகர் மாத்திரை போடறதால வைட்டமின் பி12 குறைஞ்சிருக்கும்னு சொல்லுவாங்க, அதுவும் நடக்கறதுதான். ஜிங்க் மேல யாருக்கும் சந்தேகமே வராது, அது சத்து மாத்திரை ஆச்சே. உடம்பு அசதியா இருக்குன்னு இன்னொரு சத்து மாத்திரை சேத்துக்குவாங்க. இத்தனைக்கும் தினம் 50 மி.கி.க்கு மேல வாரக்கணக்கா போட்டா நல்ல கொலஸ்ட்ராலான எச்.டி.எல். குறையலாம், எதிர்ப்பு சக்தியும் குறையலாம். எதுக்காக வாங்கினாங்களோ அதுக்கே எதிரா.

போடற விதத்தையும் பாருங்க. 16 மணி நேரம் விரதம்னு காலையில வெறும் வயித்துல கருப்பு காபியோட ஜிங்க் போட்டுட்டு பத்து நிமிஷத்துல வாந்தி எடுத்த அக்கா ஒருத்தங்க மாத்திரை கலப்படம்னு என்கிட்ட சண்டைக்கு வந்தாங்க. ஜிங்க் வெறும் வயித்துல குமட்டும், சாப்பிட்டப்புறம் போடணும், அவ்ளோதான் விஷயம். யூரின் இன்ஃபெக்ஷனுக்கு சிப்ரோஃப்ளாக்சசின், முகப்பருவுக்கு டெட்ராசைக்ளின் வகை இப்படி எது எழுதியிருந்தாலும் அதோட சேத்து ஜிங்க் போட்டா ரெண்டும் ஒட்டிக்கிட்டு ஆன்டிபயாடிக் சரியா உறிஞ்சாது, அந்த மாத்திரைக்கு ரெண்டு மணி நேரம் பின்னாடியாவது தள்ளிப் போடணும், இல்ல ஜிங்கை முதல்ல போட்டுட்டா நாலு முதல் ஆறு மணி நேரம் விடணும். அதை விட சுலபம் அந்த கோர்ஸ் முடியற வரைக்கும் ஜிங்கை நிறுத்தி வெக்கறது. இரும்பு மாத்திரையும் ஜிங்கும் ஒரே வாய்ல வேணாம்.

இன்னொண்ணு, பாண்டிச்சேரி பக்கத்துலயே இருக்கறதால சொல்றேன். பிராந்தியில கார்ப் இல்ல, அதனால டயட் கெடாதுன்னு ஒரு கூட்டமே சொல்லிக்கிட்டு திரியுது. கார்ப் இல்லதான், ஒத்துக்கறேன். ஆனா சரக்கு அடிக்க அடிக்க சிறுநீர்ல ஜிங்க் வெளிய போகும், குடல் உறிஞ்சறதும் குறையும். சனிக்கிழமை பார்டரைத் தாண்டிப் போயிட்டு வந்து திங்கக்கிழமை என்கிட்ட ஜிங்க் கேட்டா நான் இன்னா சொல்றது.

ஜிங்கே வேணாம்னு நான் சொல்ல வரல. வயித்துப்போக்குல வர்ற குழந்தைங்களுக்கு ஓ.ஆர்.எஸ். கூட ஜிங்க் குடுக்கறது உயிர் காக்கற விஷயம், உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் 2004லயே சொன்னது, ஆறு மாசத்துக்கு மேல உள்ள குழந்தைக்கு 20 மி.கி., அதுக்குக் கீழ 10 மி.கி., 10லேர்ந்து 14 நாள். ஆரம்ப சுகாதார நிலையத்துல இலவசமாவே கிடைக்கும், பேதி நின்னுடுச்சுன்னு பாதியில விடாம முழுசா குடுக்கணும்னு அம்மாங்க கிட்ட நானே திரும்பத் திரும்பச் சொல்றேன். கவனிச்சீங்களா, அவ்ளோ அவசியமான இடத்துலயே அளவும் இருக்கு, முடியற தேதியும் இருக்கு. பெரியவங்களுக்கு இந்த முடிவே இல்லாம போடற பழக்கம் கொரோனா சமயத்துல ஒட்டிக்கிட்டது, ஜிங்க், வைட்டமின் சி, கபசுரக் குடிநீர்னு மூணும் வீட்டுக்கு வீடு இருந்துச்சு. 2021ல வந்த ஒரு ஆராய்ச்சியில வீட்டுலயே இருந்த கொரோனா நோயாளிங்களுக்கு ஜிங்க் குளுக்கோனேட் 50 மி.கி.யும் அதிக டோஸ் வைட்டமின் சி.யும் குடுத்துப் பாத்தாங்க, அறிகுறி ஒண்ணும் சீக்கிரம் குறையல. கொரோனா போயிடுச்சு, ஸ்ட்ரிப் மட்டும் இன்னும் ஃப்ரிட்ஜ் மேலயே இருக்கு.

கடைசியா, உங்க பக்கத்துல ஜிங்குக்கு இடம் குடுத்த அளவுக்கு சுகர் மாத்திரைக்கு இடம் குடுக்கல, அதுதான் எனக்கு இன்னும் வருத்தம். டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் மாதிரி மாத்திரை போடறவங்க டாக்டரைக் கேக்காம திடீர்னு கார்பை வெட்டினா சுகர் நம்பர் பெருசா ஏறாமலே ரத்தத்துல கீட்டோன் அமிலம் கூடி ஐ.சி.யூ. வரைக்கும் போகலாம், வாந்தியும் மூச்சு வாங்கறதும்தான் அறிகுறி. கிளிமிபிரைடும் இன்சுலினும் போடறவங்களுக்கு லோ சுகர் ஆகி மயக்கம் வரும், டோஸை முன்னாடியே குறைக்கணும். இதெல்லாம் டயட் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி டாக்டர் கிட்ட கேக்க வேண்டியது.

அதனால அடுத்த ஞாயிறு அதே பக்கத்துல, மூலையில சின்னதா இல்ல, அதே எழுத்து அளவுல ஒரு திருத்தம் போடுங்க: கறி, முட்டை சாப்பிடற லோ கார்ப்காரங்களுக்கு பொதுவா ஜிங்க் மாத்திரை தேவையில்ல, தேவைப்படறவங்க எலிமெண்டல் அளவைப் பாத்து வாங்கணும், எல்லாம் சேத்து 40 மி.கி. தாண்டக்கூடாது, ஏற்கனவே மாசக்கணக்கா 50 போட்டுக்கிட்டு இருக்கறவங்களுக்கு அசதியோ கால் மரப்போ இருந்தா டாக்டர் கிட்ட ஜிங்க் போடறதை மறைக்காம சொல்லி ரத்தத்துல காப்பர் அளவையும் பாக்கச் சொல்லணும். வாத்தியார் அந்தத் திருத்தத்தை வெட்டி எடுத்துக்கிட்டு வர்றேன்னு சொல்லியிருக்காரு, பேப்பர்ல வந்தாத்தான் நம்புவாராம், நான் சொன்னா நம்ப மாட்டாராம்.

இப்படிக்கு,
மெடிக்கல் ஷாப்காரன் ஒருத்தன்,
மஞ்சக்குப்பம், கடலூர்.